‘போ’ என்று சொல்லத் தெரியாதவர்

பள்ளிக்கூடத்துக்குள் ஆடு நுழைந்துவிட்டால்கூட, "ஏய், போயிட்டு வா" என்று சொல்லித்தான் அவர் விரட்டுவார். ஆடு போகும். சற்று நேரத்தில் திரும்பி வந்து, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நின்று முருங்கைக் கீரையைத் தின்னும்.

"சொன்ன பேச்சக் கேக்குது பாருங்க. நம்ம பிள்ளைகதான் கேக்காது" என்பார் கணக்கு சார்.

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலைக்கும் உப்பளங்களுக்கும் நடுவில் இருந்த பெண்கள் பள்ளி அது. அவர் அங்கே ஆயா. பெருக்குவது, மணி அடிப்பது, கேட்டைத் திறந்து அடைப்பது எல்லாம் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் ஆயாம்மா என்பார்கள், நான் அக்கா என்பேன். நான் பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்துவிட்டு, கம்பெனி வேலை கிடைக்கும்வரை என்று அங்கே ஆய்வகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லியும் அவருக்கு நான் ‘லேப்பு டீச்சர்’தான்.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்துப் ‘போ’ என்று மட்டும் சொல்லக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் நாம் கோபத்தில் சொல்லிவிடுவோம், அவசரத்தில் சொல்லிவிடுவோம். அவர் சொல்லமாட்டார். சாம்பிராணி விற்க வந்தவனைக்கூட, "இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி, போயிட்டு வா" என்று அனுப்ப, அவன் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தான். பழைய தலைமையாசிரியை, எங்கள் பேச்சில் பெரிய டீச்சர், ஓய்வுபெற்ற அன்று, மாலையும் பழக்கூடையுமாகக் காரில் ஏறியவரிடம் அவர் "போயிட்டு வாங்க" என்று சொல்ல, மறந்துபோன குடையை எடுக்க அந்த அம்மா மறுநாளே வந்து நின்றாராம். பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கதையை மூன்று பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருந்தது. கொரோனா இரண்டாம் அலையின்போது, பள்ளி வளாகத்திலேயே தங்கியிருந்த வாட்ச்மேனுக்கு மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வந்தது. கவச உடுப்பு போட்டவர்கள் யாரையும் கிட்டே விடவில்லை. ஆயாம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க அண்ணாச்சி, சாவி எங்கிட்ட இருக்கு" என்று கத்தியிருக்கிறார். வாட்ச்மேன் வரவில்லை. இறந்தவரின் முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. அந்தச் சாவியை அவர் அதன்பிறகு தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

அலை ஓய்ந்து, பெரிய வகுப்புகளுக்கு மட்டும் பள்ளி திறக்கலாம் என்று உத்தரவு வந்தபோது, ‘உங்களுக்குத்தான் கருவியெல்லாம் தெரியுமே’ என்று பாதுகாப்பு ஏற்பாடுகளை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. செய்யவேண்டியதை வரிசையாக எழுதிக்கொண்டால்தான் என் கை ஓடும். கேட்டில் வட்டம் வரைவது, நெற்றியில் வெப்பம் பார்ப்பது, காலால் மிதித்தால் கையில் மருந்து விழுகிற தாங்கியைக் குழாய் வெட்டிச் செய்வது, பெஞ்சுக்கு இருவர், ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி வகுப்பு, சாப்பாட்டுக்குத் தனித்தனி நேரம், தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றாமல் பார்ப்பது. ஜன்னல்கள் திறந்தே இருக்கவேண்டும். அதுதான் பெரும்பாடு. திறந்தால் நிலக்கரி லாரிகளின் தூசி வந்து நோட்டின்மேல் கறுப்பாகப் படியும். பிள்ளைகள் சாத்துவார்கள், ஆயாம்மா போய்த் திறப்பார், மறுபடி சாத்துவார்கள்.

வெப்பம் பார்க்கும் கருவியை அவரிடம் கொடுத்தேன். அதைப் பிடித்துப் பார்க்க ஒரே நாளில் பழகிக்கொண்டார்.

"ஏளா, கிட்ட வா, சுடப்போறேன்."

"சுடுங்க ஆயாம்மா."

"செத்தியா?"

"செத்துட்டேன்."

"அப்ப உள்ள வா."

ஒன்றரை வருடம் பூட்டிக்கிடந்த பள்ளியில் முதலில் கேட்ட சிரிப்பு அந்தக் கேட்டில்தான் கேட்டது. சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றபடியே பிள்ளைகள் கையை நீட்டி, முன்னால் நிற்பவளின் சடையைத் தொட்டுவிட்டுச் சிரித்தார்கள். முகக்கவசத்தை மீறி ஒவ்வொருத்தியையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. வராதவர்களையும் தெரிந்தது. "அந்த ரெண்டு அக்கா தங்கச்சியும் றால் உரிக்கிற கம்பெனிக்குப் போறாளுவளாம். ஐஸ்ல கைய வச்சு வச்சு விரலு வெந்த மாதிரி இருக்குன்னா. பெரியவளுக்குக் குலசேகரன்பட்டினத்துல மாப்பிள பாத்தாச்சு" என்று, தன் வீட்டுச் சேதியைப் போலச் சொல்வார்.

அப்படிப் போகாமல் மிஞ்சியவள் முத்துச்செல்வி. பள்ளி அடைத்தபோது எட்டாம் வகுப்பில் போனவள், திறந்தபோது பத்தாம் வகுப்புக்கு வந்தாள். நடுவில் அம்மாவோடு உப்பளத்தில் வேலை. ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட அவள் அம்மா வந்தபோது நானும் கேட்டில் இருந்தேன். மெலிந்த, வெயிலில் கண்ணைச் சுருக்கியே பழகிப்போன பெண்.

"இந்தா பாருங்க, ஒரு ஆளு கூலிய விட்டுட்டுத்தான் அனுப்புதேன். பத்தாப்பு முடிக்கட்டும். ஆனா திறக்கோம் அடைக்கோம்னு பிள்ளைய அங்கயும் இங்கயும் அலைக்கழிச்சா, அதோட நிப்பாட்டிருவேன். அளத்துல ஆளு கேட்டுக்கிட்டே இருக்காவ" என்றார் அந்த அம்மா.

"நான் இருக்கேன்லா. உங்க பிள்ளைய யாரு திருப்பி அனுப்புவா?" என்றார் ஆயாம்மா.

முத்துச்செல்வி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, நான் வெட்டிவைத்திருந்த தாங்கியை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயற்பியலில் கெட்டிக்காரி என்று பின்னால் தெரிந்தது. கருவி எப்படித் தொடாமலே சூட்டைக் காண்கிறது என்று என்னிடம் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான்.

சங்கடம் வேறொருத்தியிடமிருந்து ஆரம்பித்தது. ரோஸ்லின் என்ற பிள்ளை, அதே வகுப்பு. ஒருநாள் கருவி அவளுக்குக் காய்ச்சல் காட்டியது. வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. ஆயாம்மா அவளைத் தனியே அழைத்து, தன் வழக்கப்படி, "காய்ச்சலு காட்டுது பிள்ள. போயிட்டு வா" என்றிருக்கிறார்.

ரோஸ்லின் போனாள். தெருக்குழாயில் முகத்தைக் கழுவினாள். வந்தாள்.

சொன்னபடி கேட்கிற பிள்ளை. போகச் சொன்னார்கள், போனாள். வரச் சொன்னார்கள், வந்தாள். ஈர நெற்றியில் கருவி குறைவாகத்தான் காட்டும். ஆயாம்மா எண்ணைப் பார்த்தார், சந்தோஷமாக உள்ளே விட்டார்.

இது எத்தனை நாள் நடந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியவந்ததே ஒரு பிள்ளை இன்னொருத்தியிடம், "ஏட்டி, உனக்குச் சூடு கூடக் காட்டுச்சா? நீயும் போயிட்டு வரவேண்டியதான" என்று கேட்டபோதுதான். ‘போயிட்டு வருவது’ என்றால் எங்கள் பள்ளியில் முகம் கழுவிவிட்டு வருவது என்று அர்த்தமாகியிருந்தது. நான் ஓடிப்போய்க் கேட்டபோது ஆயாம்மா குழம்பிப்போனார்.

"வந்தப்ப குறைஞ்சிருந்துச்சே டீச்சர்?"

"தண்ணியினால குறையுதுக்கா. காய்ச்சல் உள்ள அப்படியே இருக்கும்."

"அப்ப என்ன சொல்லணுங்கிய?"

"இன்னைக்குப் போ, நல்லானதும் வான்னு சொல்லுங்க."

வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "இன்னைக்குப்..." என்று நிறுத்தினார். "இன்னைக்குப் போயிட்டு..." என்று சொல்லி, அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற கணக்கு சார் விடவில்லை.

"கொரோனாவையும் நீங்கதான் போயிட்டு வான்னு சொல்லி அனுப்பிச்சியளோ? ரெண்டாந்தரமும் வந்துட்டுல்லா!"

"அது யாரு சொல்லி சார் வருது?" என்றார் அவர்.

அந்த வாரக் கடைசியில் ரோஸ்லினுக்குத் தொற்று உறுதியானது. சுகாதாரத் துறையிலிருந்து வந்து, மைதானத்தில் மேசை போட்டு, பத்தாம் வகுப்பு முழுவதற்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப்போனார்கள். அவள் பெஞ்சிலும் அடுத்த பெஞ்சிலும் சிலருக்கு இருந்தது, அந்த வகுப்புக்குப் பாடம் எடுத்த கணக்கு சாருக்கும் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள். கணக்கு சார் தேறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடுதான் திரும்பினார், ஆனால் மாடிப்படி ஏற முடியாமல் போனது. கீழ்த்தள வகுப்புகளை மட்டும் அவருக்குக் கொடுத்தார்கள். ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் நாற்காலியைத் தேடுவார். அதற்குப் பிறகு அவர் ஆயாம்மாவைக் கேலி செய்து நான் கேட்டதில்லை. திட்டியும் கேட்டதில்லை. கேட்டைக் கடக்கும்போது தலையை மட்டும் அசைப்பார்.

பத்தாம் வகுப்பை இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

புதிய பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. அவர்மேலும் மேலிடத்துப் போன்கள் வந்தபடி இருந்தன. ஆயாம்மாவை அறைக்குக் கூப்பிட்டு, "உங்க நல்ல மனசுக்கு எத்தனை வீடு கஷ்டப்படுது பாத்தீங்களா? இனி கேட்ல உங்ககிட்ட எனக்கு ஒரே வார்த்தை போதும். போன்னா போ. முடியலைன்னா சொல்லிருங்க, வேற ஆளை நிறுத்திக்கிடுதேன்" என்றார்.

வெளியே வந்த ஆயாம்மா ஆய்வகத்தில் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை. ஏன் அந்தச் சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது என்று அப்போதுதான் கேட்டேன். அவருடைய கணவர் சங்கு எடுக்கப் போய் வராமல் போனவர் என்று ஒருவர் சொல்லியிருந்தார். இல்லை, கணவர் நன்றாகவே தூத்துக்குடியில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இருந்தது.

அவர் கணவரைப் பற்றிப் பேசவே இல்லை.

"மொதல்ல பள்ளிக்கூடத்த அடைச்சாவல்லா, அன்னைக்கு நாந்தான் கேட்ல நின்னேன். ஒவ்வொருத்திகிட்டயும் போயிட்டு வாளா, போயிட்டு வாளான்னுதான் சொன்னேன். ஒருத்தியயும் விடல. அப்படிச் சொல்லியே இத்தன பேரு வரலியே டீச்சர். வெறுமன போன்னு சொன்னா ஒருத்தியாவது வருவாளா?"

என் பட்டியலில் இன்னும் இரண்டு விதிகளைச் சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதி, கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். நெற்றி ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவிட்டுப் பார்க்கவேண்டும். வெயிலில் வந்தவர்களை வேப்பமர நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். அவருக்கு வாசித்தும் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்தான். ஆனாலும் என்னை இருமுறை வாசிக்கச் சொல்லி, மனப்பாடம் செய்வதுபோல் உதட்டை அசைத்தார்.

அதன்பின் அவர் பயிற்சி செய்வதைப் பார்த்தேன். ஆட்டைப் பார்த்து, "போ" என்பார். ஆடு அசையாது. "போ, போ." ஆடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயும். "இதுக்குப் பழக்கமில்ல" என்றார் என்னிடம். ‘சுடப்போறேன்’ என்ற விளையாட்டு நின்றுபோயிருந்தது. எண்ணை மட்டும் வாசிப்பார். கருவியை இரண்டு கையாலும் பிடிப்பார். பிள்ளைகள் அவரைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழிந்து பத்தாம் வகுப்பு திரும்பியது. அந்த இரண்டு வாரமும் முத்துச்செல்வி அளத்தில் இருந்திருக்கிறாள். திரும்பி வந்த பிறகும் வேலை அவளை விடவில்லை. விடியும் முன்னே அம்மாவோடு போய் உப்பு வாரிவிட்டு, அங்கிருந்தே பள்ளிக்கு நடந்து வந்தாள். அளத்து வேலையும் வேண்டும், பள்ளிக்கூடமும் வேண்டும் என்றால் அதுதான் வழி என்று அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய ஏற்பாடாம். உப்பளத்துப் பாதையில் ஒரு மரம் கிடையாது. மேலே வெயில், கீழே வெள்ளைப் பரப்பு திருப்பி அடிக்கிற வெயில்.

அன்று நான் ஆய்வகத்தில் முகக்கவசப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முதல் மணி அடிக்கவில்லை. நேரம் ஆகியும் அடிக்கவில்லை என்பதால் கேட்டுக்கு வந்தேன். வரிசையில் பிள்ளைகள் அவரவர் வட்டத்தில் நின்றார்கள். ஆயாம்மா கருவியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன் டீச்சர்" என்றார். "முத்துச்செல்விக்குச் சூடு கூடக் காட்டுச்சு. ரெண்டு தரம் வச்சேன், ரெண்டு தரமும் கூட. போன்னு சொல்லிட்டேன். சரியாச் சொல்லிட்டேன்லா?"

"நிழல்ல உக்கார வச்சீங்களாக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரிய டீச்சர் அங்கே இல்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கணக்கு சார் மாதிரி இன்னொருவர் ஆகிவிடக்கூடாது என்ற பயத்தில் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லைத் தயாராக்கிக்கொண்டே நின்றவருக்கு, மற்ற எதுவும் மனதில் நிற்கவில்லை.

"அவ ஒண்ணும் சொல்லலியா?"

"நீங்களா ஆயாம்மா சொல்லுதிய-ன்னு கேட்டா. ஆமான்னேன்."

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பாதை தொடங்கும் இடம்வரை போய்ப் பார்த்தேன். அவள் எந்தக் குறுக்குப் பாதையில் இறங்கினாளோ, தெரியவில்லை.

அடுத்த முறை அவள் வகுப்புக்கான நாளில் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வகுப்பாசிரியை போன் செய்தால் அவள் அம்மா எடுத்து, "போன்னு சொல்லிட்டாவ, சரி, விடுங்க" என்று வைத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் சாயங்காலமாக ஆயாம்மா என்னிடம் வந்து, "நீங்க வாரியளா, நான் மட்டும் போயிப் பேசினா எடுபடாது" என்றார். கையில் மஞ்சள் பையில் வெப்பம் பார்க்கும் கருவி இருந்தது. பெரிய டீச்சரிடம் கேட்டுத்தான் எடுத்திருந்தார்.

அளத்தை ஒட்டிய குடியிருப்பில், தகரக் கூரை போட்ட வீடு. முத்துச்செல்வி வாசலில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாதத்தின் ஓரமெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். ஆயாம்மாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

நான் வரிசையாகச் சொன்னேன். வெயிலில் வந்ததால் நெற்றிச் சூடு கூடக் காட்டியது. அது காய்ச்சல் இல்லை. விட்ட பாடங்களை நான் சொல்லித்தருகிறேன். தேர்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவள் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. அளத்தில் ஆள் சேர்க்கிறவரிடம் இந்தப் பருவம் முடியும்வரை இரண்டு பேர் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"எம்மா, நான் அளத்துக்குப் போயிட்டே..." என்று முத்துச்செல்வி தொடங்கினாள்.

"சும்மா இரு. அவிய உன்னய வச்சு வெளாடுதாவ. ஒருநா வாங்காவ, ஒருநா அடைச்சாச்சுங்காவ, ஒருநா நோயாளிங்காவ."

"அவ நோயாளி இல்ல தாயி" என்றார் ஆயாம்மா. அவசரமாகப் பையிலிருந்து கருவியை எடுத்தார். "ஏளா, இங்கன வா."

முத்துச்செல்வி முன்னால் வந்து, பள்ளி வாசலில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெயில் தாழ்ந்து, கடல் காற்று வரத் தொடங்கியிருந்தது. நெற்றி காய்ந்திருக்கிறதா என்று ஆயாம்மா தன் முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். பிறகு கருவியை வைத்தார். பச்சை வெளிச்சத்தில் எண் வந்தது. அதை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க, நீங்களே பாருங்க. ஒண்ணுமில்ல. சுத்தமாக் காய்ச்சலே இல்ல உங்க பிள்ளைக்கு."

அந்த அம்மா குனிந்து எண்ணைப் பார்த்தார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

"மாதாவே. நாங்கூடப் பயந்துகிட்டே இருந்தேன். அப்ப காலையில அவளும் என்கூடப் பயமில்லாம வேலைக்கு வரலாம்" என்றார்.

ஆயாம்மா கருவியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அணைத்து, மறுபடி போட்டார். முத்துச்செல்வியின் நெற்றியில் இன்னொரு முறை வைத்தார். அதே எண்தான் வந்தது.